எந்தக் கோயிலுக்கும் இல்லீங்க

காலை ஐந்தரை மணிக்கு, ஆட்டையாம்பட்டி கடைவீதியில் முதல் டீ ஆற்றப்படும் நேரத்தில், முதுகில் ஒரு பெரிய பையுடன் சென்னிமலை கடந்து போகிறார். பைக்குள் இருப்பது பன்னிரண்டு கிலோ எடையுள்ள, பல் தேய்ந்துபோன ஒரு போர்வெல் பிட்டு. பாறையைக் குடைந்து குடைந்து ஓய்ந்த அந்த இரும்பை ஒரு பழைய லுங்கியில் சுற்றிப் பைக்குள் இறக்கி, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, ராசிபுரம் சாலையில் நாலு கிலோமீட்டர் போய்த் திரும்புவார். நாய்கள் முதல் இரண்டு மாதம் குரைத்துப் பார்த்தன. மூன்றாம் மாதம் அவற்றுக்குச் சலித்துவிட்டது. மனிதர்களுக்குத்தான் இன்னும் சலிக்கவில்லை.

"ஏனுங்ண்ணா, பழனிக்குங்ளா?"

"இல்லீங்க."

"அப்ப எந்தக் கோயலுக்குங்க?"

"எந்தக் கோயலுக்கும் இல்லீங்க. சும்மா நடைங்க."

கேட்டவர் டீ கிளாசைக் கையில் பிடித்தபடி அவரை மேலும் கீழும் பார்ப்பார். சர்க்கரை வியாதியா, வீட்டில் சண்டையா, அல்லது இரண்டுமா என்று கணக்குப் போடுவது முகத்திலேயே தெரியும். சென்னிமலை அதற்கெல்லாம் நிற்கிற ஆள் இல்லை.

திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக அவர் மேனேஜர். துளை போடும் எந்திரம் ஏற்றின ரிக் லாரியும் அதன் பின்னால் சாமான் சுமந்து போகும் சப்போர்ட் லாரியும் ஒடிசாவுக்கோ ராஜஸ்தானுக்கோ கிளம்புவதற்கு முன், ராடு எத்தனை, பிட்டு எத்தனை, அரிசி எத்தனை மூட்டை, சமையல்காரருக்கு மிளகாய்த்தூள் எந்தக் கடையில் என்பது வரைக்கும் அவர்தான் பட்டியல் போடுவார். எந்த ஜில்லாவில் எத்தனையாவது அடியில் பாறை தட்டும், எந்த மாதம் எந்த ஆற்றுப் பாலத்தில் லாரி போகாது என்றெல்லாம் நாற்காலியை விட்டு எழாமல் சொல்லுவார். அவர் நேரில் கண்ட வடநாடு தர்மபுரியோடு முடிகிறது. லாரிகள் கிளம்பும்போது கேட் வரை வந்து கையசைப்பார், பிறகு உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொள்வார்.

இப்படி ஊரெல்லாம் அனுப்பிவைத்தே ஐம்பத்து நாலு வயதாகிவிட்ட மனிதரின் கைபேசியில் ஒருநாள் ஒரு வீடியோ வந்து விழுந்தது. வெளிநாட்டில் யாரோ ஒரு கிழவர், நீண்ட மலைத்தொடர் ஒன்றை ஒரே மூச்சில் நடக்க முடியாமல், வருடத்துக்கு ஒரு பகுதியாக நடந்துகொண்டிருந்தார். நாலு நாள் நடப்பாராம், வீட்டுக்குப் போவாராம், மறு வருடம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாராம். சென்னிமலை அதை ஏழு தடவை பார்த்தார். எட்டாம் தடவை பார்க்கும்போது அவர் கையில் பென்சில் இருந்தது. பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் தொடங்கி, ஜருகுமலை அடிவாரம், போதமலை, நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியாகக் கொல்லிமலை. நாலு பகல், மூன்று இரவு. காகிதத்தின் தலைப்பில் "பகுதி 1" என்று எழுதி அடிக்கோடு போட்டார். கொல்லிமலைக்கு அப்பால் பச்சைமலை, கல்வராயன் என்று இன்னும் ஏழு பகுதிகள் இருந்தன. அறுபத்திரண்டு வயதில் முடித்துவிடலாம்.

இதைக் கிறுக்கு என்று ஒதுக்கிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் காகிதத்தை அவர் விரித்துக் காட்டும்போது, மடிப்பில் கிழிந்த இடமெல்லாம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு சிரிக்க வாய் வரவில்லை.

அவருடைய தொல்லை வேறு இடத்தில் இருந்தது. சென்னிமலைக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பத்தொன்பது வயதில் ஊர்ப் படிப்பகத்தில் கறுப்புச் சட்டைக்காரர்களோடு சேர்ந்தவர், இன்றுவரை நெற்றியில் எதையும் வைத்ததில்லை. அப்பா முருகனுக்கு வேண்டிக்கொண்டு மலையின் பெயரையே வைத்துவிட்டார். மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அது டிரைவிங் லைசென்ஸில் ஏறிவிட்டிருந்தது. மனைவி அறிவுச்செல்வியைத் தாலி இல்லாமல், மாலை மட்டும் மாற்றிக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஒன்பது சுற்றுச் சுற்றுகிறார். "அது அவளுக்கு எக்சர்சைஸுங்க" என்று சென்னிமலை விளக்கம் சொல்லுவார்.

அப்படிப்பட்டவர் நாலு நாள் நடக்க ஆள் தேடிக் கிளம்பினது எந்தச் சீமையில்? தைமாதம் பிறந்தால் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஊர் ஊராக மஞ்சள் உடை உடுத்திப் பழனிக்கு நடக்கிற சீமையில். இங்கே யாருக்கும் நடப்பது புதிதல்ல. வெறுமனே நடப்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

கிளம்புவதற்கு அவருக்கு வருடத்தில் ஒரே வாரம்தான் உண்டு. பொங்கலுக்கு ரிக்குகள் ஊர் திரும்பி நிற்கும்போதுதான் முதலாளி லீவு தருவார். கூடவே இன்னொரு நிபந்தனை. சப்போர்ட் லாரி இல்லாமல் எந்த ரிக்கையும் தனியாக அனுப்பக்கூடாது என்பது அவரே கம்பெனியில் கொண்டுவந்த சட்டம். அதை அறிவுச்செல்வி அப்படியே எடுத்து அவர்மேல் திருப்பினார்.

"லாரிக்கே தொணை வேணும்னு சொல்ற ஆளு நீங்க. கூட ரெண்டு பேரு இல்லாம வாசப்படியத் தாண்டப்படாது, ஆமா."

இரண்டு பேர். அது கிடைக்காமல்தான் முதல் வருடம் போச்சு. இரண்டாம் வருடமும் போச்சு. ரிக்குகள் திரும்பி வந்து, பூசை போட்டு, மறுபடியும் கிளம்பிப் போனதை அவர் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இது மூன்றாம் வருடம்.

மார்கழி பிறந்ததும் "மலைநடை பகுதி 1" என்று ஒரு வாட்சப் குழு தொடங்கி, தெரிந்தவர்கள் இருபத்து மூன்று பேரைச் சேர்த்தார். பட்டியல் ரிக்குக்குப் போடுகிற அதே ஒழுங்கில் இருந்தது. ஒரு ஆளுக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் சுமை கூடாது. டார்ச், விசில், உப்பு, சர்க்கரை, கால் கொப்புளத்துக்கு ஊசி நூல், ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு ஆளுக்கு ஐம்பது. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: "இது ஆன்மிகப் பயணம் அன்று." மாலைக்குள் குழுவில் ஆறு பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருவர் இறந்துபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

மிஞ்சினவர்களில் ஜிம் வைத்திருக்கிற நந்தகுமாரைப் போய்ப் பார்த்தார். மார்பு கதவகலம் இருக்கும்.

"வாரனுங்ண்ணா. மேல டவர் கெடைக்குமுங்ளா?"

"கெடைக்காதுங்க தம்பி."

"அப்ப நாலு நாளு நாம நடந்தது யாருக்குங்ண்ணா தெரியும்?"

கம்பெனியில் துளை போடுகிற டிரில்லர் காளிதாஸிடம் கேட்டார். பதினைந்து வருடமாக இந்தியா முழுக்கச் சுற்றியவர், காடு மலை பார்த்தவர்.

"எதுக்குங்ண்ணா நடக்கறது?" என்றார் காளிதாஸ்.

"எதுக்கும் இல்லப்பா. நடக்கறதுக்குத்தான்."

காளிதாஸ் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு ஏதாச்சும் கஷ்டம்னா வாயத் தொறந்து சொல்லுங்ண்ணா" என்றார். அன்று முதல் ஆபீஸில் ஆட்கள் அவரிடம் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார்கள்.

இதற்குள் காளியாத்தாளின் காதுக்குச் சேதி போய்விட்டது. தறிக்கூடத்தில் பாவு நூல் பிணைக்கிறவர், அறுபதை நெருங்குகிறவர், பத்தொன்பது தடவை பழனிக்கு வெறுங்காலில் நடந்தவர். அவரே சென்னிமலையின் வீடு தேடி வந்தார்.

"நாலு நாளுதானுங்ளே சாமி? நானு வாரனுங்க."

சென்னிமலைக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் கொள்கையை விடவில்லை. "அக்கா, இது கோயலுக்கு இல்லீங்க" என்றார்.

"உங்களுக்கு இல்லீங்க. எனக்கு உண்டு. கொல்லிமலைல எட்டுக்கை அம்மன் இருக்கறா. நானு அவளப் பாக்க நடக்கறேன், நீங்க பாக்காம நடங்க. வழி ஒண்ணுதானுங்ளே?"

சென்னிமலை பட்டியலில் அவர் பெயரை எழுதிக்கொண்டார். ஒரு ஆள் ஆச்சு. இரண்டாவது ஆளாகக் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டுகிற அன்பு வந்தார். பெயருக்கேற்ற மனிதர், அவரால்தான் எல்லாம் கெட்டது. மேனேஜர் அண்ணனுக்கு மூன்று வருடமாக ஆள் கிடைக்கவில்லையே என்று உருகிப்போய், குழுவுக்குத் தன்னை அட்மின் ஆக்கச் சொல்லிப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை சென்னிமலை கைபேசியைத் திறந்தால் "மலைநடை பகுதி 1" என்று ஒரு குழுவே இல்லை. "அருள்மிகு எட்டுக்கை அம்மன் பாதயாத்திரைக் குழு, முதலாம் ஆண்டு" என்று ஒன்று இருந்தது. நாற்பத்தொரு பேர் சேர்ந்திருந்தார்கள். சமையலுக்கு ஒரு வேன் பேசியாகிவிட்டது. பிளெக்ஸ் பேனரில் வட்டத்துக்குள் சென்னிமலையின் படம், கீழே "குருசாமி" என்ற எழுத்துகள்.

"பட்டியல் போடறவருதானுங்ண்ணா குருசாமி" என்றார் அன்பு, மெய்யாகவே குழம்பிப்போய். "பகுதி ஒண்ணுன்னா மொத வருசம்தானுங்ளே?"

சென்னிமலை அன்று ஆபீஸுக்குப் போகவில்லை. முப்பத்தேழு வருடக் கறுப்புச் சட்டை, பிளெக்ஸில் மஞ்சளாகத் தொங்கப் போகிறது. படிப்பகத் தோழர்கள் பார்த்தால் என்ன சொல்லுவார்கள்? வேண்டாம், இந்த வருடமும் இல்லை என்று எழுதி, அனுப்புவதற்கு முன் மனைவியிடம் காட்டினார். அறிவுச்செல்வி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"அனுப்புங்க, எனக்கென்ன. ஆனா இது மூணாவது வருசம். நாலாவது வருசம் உங்க முட்டி என்ன சொல்லுதோ."

அனுப்பவில்லை. பதிலுக்கு மூன்று நிபந்தனைகள் போட்டார். பேனரில் அவர் படம் கூடாது. அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். அவர் நெற்றிப் பக்கம் யாரும் கை கொண்டுவரக்கூடாது. அன்பு எல்லாவற்றுக்கும் சரி என்றார். பேனரில் வட்டம் மட்டும் காலியாக, "குருசாமி" என்ற எழுத்தோடு நின்றது.

பொங்கலுக்கு மறுநாள் விடியலில் ஏரிக்கரையில் கூடினவர்கள் இருபத்தாறு பேர். போதமலை அடிவாரத்தில் வேன் நின்றது, வேனோடு பதினைந்து பேர் நின்றுவிட்டார்கள். மலையேறினவர்கள் பதினோரு பேர். முன்னால் காளியாத்தாள், மஞ்சள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாறைமேல் வெறும் பாதம் வைத்து ஏறினார். ஏழு மாதம் இரும்பு சுமந்து பழகிய சென்னிமலை அவர் முதுகைப் பார்த்தபடியே மூச்சு வாங்கினார். ஓம் சக்தி என்று மற்றவர்கள் குரல் கொடுத்தபோது அவர் விசில் ஊதினார். உச்சியில் ஓர் இடத்தில் தெற்கே கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. அங்கே அவர் அழுதார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாதயாத்திரையில் அழுவது சாதாரணம்.

இரண்டாம் நாள் உச்சிவெயிலில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் இறங்கும்போது அவர் கடைசி ஆளாக வந்தார். இறக்கத்தில் இரண்டு குதிகாலும் கொப்புளித்துவிட்டன. மஞ்சள் விளைகிற ஊர் அது. சேதி எப்படியோ எட்டி, சாலையோரம் பெண்கள் குடத்தில் மஞ்சள் நீர் கரைத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் காலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சென்னிமலை சாலையின் மறு ஓரமாக ஒதுங்கி நழுவப் பார்த்தார். கயல்விழி என்று யாரோ கூப்பிட, முப்பது வயதிருக்கும் ஒரு பெண் சொம்போடு குறுக்கே வந்து அவர் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"சூவக் கழட்டுங்க சாமி."

"அம்மணி, நானு சாமி கும்பிடறவன் இல்லீங்க."

"நடந்துதானுங்ளே வந்தீங்க?"

"ஆமாங்க. சும்மா நடந்தேன்."

"நடந்த காலுக்குத்தானுங்க ஊத்தறது" என்றார் அந்தப் பெண், வெயில் சுடுகிற அவசரத்தில்.

சென்னிமலை மைல்கல்மேல் உட்கார்ந்தார். வலது ஷூவைக் கழற்றினார், இரத்தம் ஒட்டின சாக்ஸைப் பிய்த்து எடுத்தார். தண்ணீர் விழுந்ததும் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஊற்றி முடித்து அந்தப் பெண் அடுத்தவரிடம் போக எழுந்தபோது, அவர் குனிந்து இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.