டாப்பெட் சத்தம் அடங்கிய நாள்

என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கிற டிரசர். மருந்து வாங்க தானா ராத்தா டவுனுக்குப் போய்வர நிர்வாகம் ஒரு பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளைக் கொடுத்திருந்தது. சனியன், அது போடுகிற சத்தம் இருக்கிறதே! எஞ்சின் தலையில் வால்வைத் தட்டித் திறக்கிற டாப்பெட் தளர்ந்துபோய், கடக் கடக் என்று தூரத்து வளைவில் வரும்போதே கேட்கும். அதைக் கேட்டுத்தான் நான் உலையில் அரிசி போடுவேன்.

மலாயாவில் எமர்ஜென்சி காலம் அது, காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் இறங்கிவந்து சுடுவார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பிந்தி வருகிறவர்கள் வளைவிலேயே எஞ்சினை நிறுத்தி, பேரைக் கத்திச் சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். நிறுத்தாமல் வந்தால் சுட உத்தரவு; தோட்டத்துத் துரைக்கும் அதே சட்டம்தான். இவர் மட்டும் ஓட்டிக்கொண்டே வருவார். பனி மூடி முகம் தெரியாத வேளையிலும், கடக் கடக் கேட்டதுமே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்துவிடுவான் காவல்காரன். எங்கள் லயத்து ஆள்தான். என்னை அக்கா என்பான்.

"இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தா என்ன, கால் தேஞ்சா போயிடும்?" என்று நானும் ஏசாத நாளில்லை.

"நம்ம தம்பிதானே லா, விடு புள்ள" என்பார்.

மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது, இப்படியே விட்டால் வால்வு கெட்டுவிடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டாப்பெட்டைச் சரிசெய்ய உட்கார்ந்தார். எஞ்சின் சூடாக இருந்தால் அளவு பொய் சொல்லுமாம். முந்தின நாளிலிருந்தே வண்டியைத் தொடவில்லை. பிளக்கைக் கழற்றி, கியரைப் போட்டு, "பின் சக்கரத்த மெதுவா உருட்டு" என்றார். உருட்டினேன். "போதும், போதும்!" வால்வு இரண்டும் மூடியிருக்கிற இடம் அதுதானாம். நட்டைத் தளர்த்தி, இடுக்கை அளக்க மெல்லிய தகட்டைச் செருகி, திருகைத் துளித்துளியாகத் திருப்பினார். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டும். இறுக்கினால் அளவு மாறியது, மறுபடி தளர்த்தினார். என் கை விறைத்துப்போனது. "நல்லா வந்து வாய்ச்சீங்க" என்று திட்டிக்கொண்டே உருட்டினேன்.

உதைத்துக் கிளப்பினார். அம்மாடி! அது வேறு வண்டி. கடக் என்ற பேச்சே இல்லை. "இது நம்ம வண்டிதானா?" என்று வாயைப் பிளந்தேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு அதிலேயே டவுனுக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் பனி இறங்கி எதிர் லயம்கூட மறைந்துவிட்டது. அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டுப் பக்கம் ஏதோ ஒரு மோட்டார் மெதுவாக வந்தது. யாரோ கத்தினார்கள். இரண்டு வெடிச்சத்தம். "எந்த வீட்டுப் பிள்ளையோ, ஐயோ பாவம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சொன்னது நான்தான். பிறகும் கடக் கடக் கேட்கட்டும் என்று அடுப்பை எரியவிட்டுக் காத்திருந்தேன்.

கதவைத் தட்டியது அந்தக் காவல்காரன். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"அண்ணன் வண்டி எனக்குத் தெரியாதாக்கா? அது அந்தச் சத்தமே இல்லக்கா. நில்லு நில்லுன்னு கத்துனேன். நிக்காம வந்துட்டாருக்கா."

அடப்பாவி என்று கை ஓங்கினேன். காலையில் அந்தச் சக்கரத்தை உருட்டியவள் நான். புதுச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். கேட்டு வாசல் வரை வந்தபோது அந்தச் சத்தத்தில் என் புருஷனை எனக்கே தெரியவில்லை. இவனை என்ன சொல்லி அடிப்பேன்? ஓங்கிய கையால் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.