ஒலிபெருக்கி ஓரத்து இருக்கைகள்

எங்கள் கோவிலம்பாக்கம் அடுக்ககத்துப் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து நகரத்துக்குப் போய் ஒரு நாடகம் பார்ப்பது என்று போன வாரம் முடிவானது. டிக்கெட் போடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்றவள், நிதானமாகப் பார்த்துப் போடுவாள் என்று நினைத்திருப்பார்கள். கைபேசியில் அரங்கம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக விரிந்தது. பச்சை என்றால் காலி, சாம்பல் என்றால் விற்றுவிட்டது. வாட்ஸாப் குழுவில் ஒருத்தி நடுவில் போடச் சொன்னாள், ஒருத்தி ஏசி நேராக அடிக்காத இடம் கேட்டாள், ஒருத்தி கழிவறைக்குப் பக்கமாக இருந்தால் நல்லது என்றாள். எல்லோரும் சேர்ந்து விலை மட்டும் கம்மியாக இருக்கவேண்டும் என்றார்கள். நான் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டே போனேன். முதல் வரிசையின் இடது மூலைக்கு வந்ததும் விரல் தானாக நின்றது.

அந்த மூலையை எனக்குத் தெரியும். இந்த அரங்கத்து மூலை இல்லை, வேறொன்று. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

இருபத்திரண்டு வயதில் கிழக்குத் தாம்பரத்தில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். டைம் ஆபீசில் இருப்பேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்கு அரை நாள் லீவு என்று பார்ப்பது என் வேலை. கீழ்க்கட்டளையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன் என்பதால் நானே பாதி நாள் தாமதமாகத்தான் வருவேன், அதை யாரும் கேட்க முடியாது என்பது அந்தப் பதவியின் சுகம். உள்ளே நுழைந்தால் கஞ்சி போட்ட புதுத் துணி, தையல் மிஷின் எண்ணெய், இஸ்திரி மேசையின் நீராவி மூன்றும் கலந்து ஒரு வாசனை வரும். இப்போதும் கடையில் புதுச் சட்டையைப் பிரித்து முகத்துக்கு அருகில் கொண்டுபோவேன். விற்பனைப் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தைத்து முடித்த சட்டைகளுக்குப் பிசிறு வெட்டி, பொத்தான் சரிபார்த்து, இஸ்திரி போட்டு மடிக்கும் பிரிவில் நாற்பது பேர் இருந்தார்கள். அதில் எட்டுப் பேருக்குக் காது கேட்காது. நல்ல வேலைக்காரர்கள். அவர்களுடைய சைகை மொழியை நான் பழகியது சேவை மனப்பான்மையால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் 'நேத்து ஏன் வரலை' என்று கேட்க வேறு வழி இருக்கவில்லை. அப்படி ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து, மெல்ல மெல்ல வம்பு பேசும் அளவுக்குத் தேறிவிட்டேன். கைகளால் பேசும் வம்புக்குத் தனி ருசி உண்டு. பேசப்படுகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

அந்த எட்டுப் பேரில் எஸ்தருக்கு என்னைவிட ஐந்தாறு வயது அதிகம். பொத்தான் சரிபார்ப்பவள். நெற்றியைச் சுருக்கி ஒரு சட்டையைப் பார்த்தாள் என்றால் அதைத் தைத்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரிவு முழுவதும் நகரத்துக்குச் சுற்றுலா போகும். காலையில் மியூசியம், மத்தியானம் பொட்டலச் சாப்பாடு, மாலையில் மாம்பலத்தில் ஒரு சபா அரங்கத்தில் நாடகம். நிறுவனம் கொடுக்கிற தொகைக்குக் கடைசி வரிசை டிக்கெட்தான் கட்டுப்படியாகும். அந்த வருஷம் ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். சூப்பர்வைசர் ராகவன் சார்தான் தலைவர். கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எல்லாருடைய வீட்டுக் குழந்தைகளுக்கும் மத்தாப்பு வாங்கித் தருகிற மனிதர். அவர்தான் சொன்னார்: "அந்த எட்டுப் பேரையும் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போறது வேஸ்ட்மா. போன வருஷம் பூரா தூங்கினாங்க. பீச்ல விட்டுட்டா ஜாலியா இருப்பாங்க. மிச்சப் பணத்துல எல்லாருக்கும் ஐஸ்கிரீம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆட்டினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஒரு நல்ல செய்தி போல எஸ்தரிடம் கடற்கரையைப் பற்றிச் சொன்னேன். அவள் கை கழுவிவிட்டு வந்து, சட்டை மடிப்புக்குள் வைக்கிற அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கையாலேயே சொல்லியிருக்கலாம். எழுதித் தந்தால்தான் நான் கூட்டத்தில் காட்ட முடியும் என்று யோசித்திருக்கிறாள். இரண்டே வரி.

'போன வருஷம் நாங்கள் தூங்கவில்லை. முகம் தெரியவில்லை.'

தட்டை ஒதுக்கிவிட்டு யோசித்தேன். கடைசி வரிசையிலிருந்து மேடையில் நடிப்பவர்கள் கட்டைவிரல் அளவு தெரிவார்கள். எங்களுக்குக் குரல் வந்து சேர்ந்துவிடும். அவர்களுக்கு என்ன வந்து சேரும்? அட்டையை ராகவன் சாரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். முன் வரிசை வாங்க நிறுவனம் பணம் தராது என்றார். அது நிஜம். ஆனால் அதே விலைக்குள் ஏதாவது வழி இருந்தால் நீயே பார் என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலையில் நானும் எஸ்தரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினோம். அரங்கத்தின் டிக்கெட் ஜன்னலில் கஜேந்திரன் என்பவர் இருந்தார். பல்லிடுக்கில் ஏலக்காய் ஒதுக்கி வைத்திருக்கும் மனிதர். அவர் முன்னால் ஒரு பெரிய அட்டையில் அரங்கத்தின் படம், இருக்கைக்கு ஒரு கட்டம். விற்றதை நீலப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கடைசி விலையில் முன்னால் இடம் கிடைக்குமா என்று நான் கேட்டதும், காலையிலேயே இப்படி ஒரு கிராக்கியா என்பது போலப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். எஸ்தரை ஒரு தரம் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வந்து அரங்கத்தைத் திறந்து விட்டார்.

உள்ளே யாரும் இல்லை. திரைச்சீலையிலிருந்து பாச்சை உருண்டை வாசனை. எஸ்தர் என்னை மேடையில் ஏறச் சொன்னாள். ஏறினேன். வாயால் ஏதாவது பேசு, சத்தம் வேண்டாம் என்றாள். என் வாழ்க்கையில் நான் மேடை ஏறியது அந்த ஒரு தடவைதான், அதுவும் குரல் இல்லாமல். என்ன பேசுவது என்று தெரியாமல் தொழிற்சாலை விதிமுறைகளைச் சொன்னேன். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையை விரித்தாள். நடுவில் உட்கார்ந்து பாதி பாதி என்றாள். அப்படியே முன்னே வந்து வந்து, முதல் வரிசை இடது மூலையில் உட்கார்ந்தாள். நான் மேடையின் எதிர்க் கோடிக்குப் போய், பசிக்கிறது என்று உதட்டை அசைத்தேன். அவள் உடனே இட்லி பிட்டுச் சட்னியில் தோய்ப்பது போலக் காட்டினாள்.

கஜேந்திரன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். அந்த மூலைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி நின்றது.

"அந்தாண்ட வோணாம்மா," என்றார் என்னிடம். "அத்த யாரும் வாங்க மாட்டாங்கோ. அத்தொட்டுதான் கடைசி ரேட்டு போட்டுக்கீது. அங்க குந்தினா காது பூடும்."

எனக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது, ஆனால் எஸ்தரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. அவளோ என்ன சொல்கிறார் என்று விடாமல் கேட்டாள். பெட்டியைக் காட்டினேன், காதைக் காட்டினேன், போய்விடும் என்று காட்டினேன்.

எஸ்தர் பெட்டியைப் பார்த்தாள். கஜேந்திரனைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று தெரியாமல் சிரிக்கிற சிரிப்பு, அரங்கம் முழுவதும் போய் மோதித் திரும்பியது. கையால் ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றாங்கோ?" என்றார் கஜேந்திரன்.

"அது ஏற்கெனவே போயிடுச்சாம் அண்ணா. ஸீட்டைக் குடுங்கன்றாங்க."

அவர் முகம் முதலில் சுருங்கியது, தப்பாகப் பேசிவிட்டோமோ என்று. எஸ்தர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். ஒன்பது டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஒன்பதாவது எனக்கு. அதோடு விடாமல், அந்த நாடகத்தைப் பதினோரு தடவை பார்த்திருப்பதாகச் சொல்லி, முழுக் கதையையும் ஜன்னலோரத்தில் நின்றபடி எனக்கு விவரித்தார். வாடகை ஏற்றும் வீட்டுக்காரர், ஏய்க்கும் குடித்தனக்காரர், அவருடைய மனைவி என்று ஒரு சிரிப்பு நாடகம். நான் அதை இரண்டு தாளில் எழுதி எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். உதட்டை மட்டும் நம்பி முழுவதையும் பிடிக்க முடியாது, கதை தெரிந்தால் பாதி பளு குறையும். முடிவை எதற்கு எழுதினாய் என்று எஸ்தர் என்னோடு சண்டை போட்டாள்.

நாடகத்தன்று மற்றவர்கள் பின்னால் போய் உட்கார, நாங்கள் ஒன்பது பேரும் மூலைக்குப் போனோம். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பஞ்சை நான் இரண்டு காதிலும் திணித்துக்கொண்டேன். ஒரு பிரயோசனமும் இல்லை. இரண்டு நாளைக்குக் காதுக்குள் ரயில் ஓடியது. பக்கத்தில் எஸ்தர் உள்ளங்கையைப் பெட்டியின் மரத்தின் மேல் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் கத்தும்போது கையில் அதிர்கிறது என்றாள்.

நாடகம் சூடு பிடித்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். என் பக்கத்து எட்டுப் பேரும் எல்லோருக்கும் முன்னால் சிரித்தார்கள். வீட்டுக்காரராக நடித்தவர் ஒரு வேடிக்கையைச் சொல்ல வாயைத் திறக்குமுன் அவர் முகம் தயாராகும் அல்லவா, அந்த இடத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வசனம் வந்து அரங்கம் சிரிக்கும்போது இவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். நடிகர் இரண்டு முறை எங்கள் மூலையைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறையிலிருந்து அந்த முகபாவங்களை எங்கள் பக்கம் திரும்பியே செய்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் எட்டுப் பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்து அசைத்தார்கள். அவர்களுடைய கைதட்டல் அது. மேடையில் வணங்கிக்கொண்டிருந்த நடிகர் குழம்பிப்போனார். பக்கவாட்டிலிருந்து கஜேந்திரன் எட்டிப் பார்த்து அவரிடம் ஏதோ சொன்னார். நடிகர் முன்னால் நடந்து வந்து, எங்கள் மூலைக்கு நேராக நின்று, தன் இரண்டு கைகளையும் தூக்கி அதே போல அசைத்தார். தாஸ் என்று எங்கள் இஸ்திரிக்காரர், ஆறடி மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் நல்ல கூட்டம். பல்லாவரம் தாண்டியதும் கொஞ்சம் இடம் கிடைத்தது. ராகவன் சார் மெல்ல எங்கள் பக்கம் வந்து நின்றார். ஏதோ கேட்க நினைப்பதும் தயங்குவதுமாக இருந்தார். கடைசியில் என்னைக் கேட்காமல் நேராக எஸ்தரைப் பார்த்து, உதட்டை நிதானமாக அசைத்துக் கேட்டார்.

"அந்தம்மா அலமாரியில என்ன வெச்சாங்க? பின்னால எங்களுக்குத் தெரியலை."

குடித்தனக்காரரின் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் வாடகைச் சீட்டை மாற்றி வைக்கிற காட்சி அது. எஸ்தர் எழுந்தாள். தாஸை வீட்டுக்காரராக நிற்க வைத்தாள். ஓடுகிற ரயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காட்சியை முதலிலிருந்து நடித்துக் காட்டினாள். எங்கள் பிரிவு ஆட்கள் மட்டுமில்லாமல், குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவர்கள்கூட வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராகவன் சார் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அசைத்தார்.

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அந்த மூலையைக் கஜேந்திரன் எங்களுக்கு ஒதுக்கி வைத்தார். வீட்டிலும் உறவிலும் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இடத்தைக் கண்டுபிடித்தது நான்தான் என்பது போலச் சொல்லி வந்திருக்கிறேன். கண்டுபிடித்தது எஸ்தர். நான் மேடையில் நின்று வாயசைத்தேன், அவ்வளவுதான். அதற்கே இத்தனை பெருமை எனக்கு.

நிறுவனம் பிற்பாடு மூடப்பட்டது. அந்தக் கட்டடம் இப்போது யாரோ பார்சல் வைக்கிற கிடங்கு. அரங்கம் இருந்த இடத்தில் நகைக்கடையின் கார் நிறுத்தம். ராகவன் சார் இல்லை. கஜேந்திரன் என்ன ஆனார் என்று விசாரிக்க யாரும் இல்லை. எட்டுப் பேரும் ஊருக்கு ஒருவராகப் போய்விட்டார்கள்.

காது கேளாதவர்கள் ஒருவரை எழுத்து எழுத்தாகப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிடித்தவர்களுக்குக் கையால் ஒரு பெயர் வைப்பார்கள். முதல் நாடகம் பார்த்துத் திரும்பிய அன்றைக்குத் தாம்பரத்தில் இறங்கியபோது நடைமேடையில் எட்டுப் பேரும் தங்களுக்குள் ஏதோ கலந்து பேசி எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். காதோரம் இரண்டு விரலைக் கொண்டுபோய், ஒரு டிக்கெட்டைக் கிழிப்பது போல ஒரு சின்ன அசைவு. அம்மா, மேடம், அக்கா, அடுக்ககச் சங்கச் செயலாளர் என்று பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னைக் கூப்பிட்டாகிவிட்டது. நானாகச் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான்.

எஸ்தர் இப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறாள். வீடியோவில் பேசலாமே என்பீர்கள். பேசினோம், இரண்டு முறை. அவளுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. கையில் பேச்சு குழறுகிறது, நீ பார்க்க வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள். அதிலிருந்து செய்திகள்தான். காலையில் பூப் படம், பிறகு நலமா என்று ஒரு கேள்வி. அதற்கு முன்னால் என் பெயர், பிழையில்லாமல், எழுத்தில். கைபேசிக்கு அந்த எழுத்துப் பெயர்தான் தெரியும், காதோரத்து டிக்கெட் தெரியாது.