சேர்த்தெழுதாத பிள்ளை

ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சுழித்து எழுதுகிற கர்சிவ் எழுத்து எனக்குப் பிடிக்காது. இந்தக் காலத்தில் அது தேவையா இல்லையா என்று நிதானமாகப் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

என் மகள் போடியில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். மூன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அவளுக்குக் காலையில் வயிற்று வலி வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வராது. மழைக்கு லீவு விட்டால் வராது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்கூல்ல ஏதும் பிரச்சினையாம்மா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். விளையாட்டு பீரியடில் மற்ற பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு, இவளை மட்டும் உட்காரவைத்து நாலு கோடு நோட்டில் எழுதச் சொல்கிறார்களாம். எழுத்தைச் சேர்த்து எழுத வரவில்லை என்பதுதான் குற்றம். அவளுக்கு இடது கைப் பழக்கம். எழுதி முடித்ததன் மேலேயே கை நகர்ந்து போவதால் பென்சில் கரி இழுவி, பக்கம் கருத்துப்போகும்.

"அழுக்குப் பிள்ளைன்னு மிஸ் சொல்றாங்கம்மா."

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நான் ஏலக்காய் ஏலம் நடக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். போடிமெட்டு மலை இறங்கி ஜீப்பில் வருகிற ஏலக்காயின் விவரங்களை நான் தட்டிப் போட்டால், வியாபாரிகள் திரையைப் பார்த்து விலை கேட்பார்கள். கையால் எழுதுவதென்றால் சாக்கின் மேல்தான். மார்க்கரில், பெரிதாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதுவோம். யாராவது சுழித்து எழுதினால் லோடு ஏற்றுகிற அண்ணன், "இது என்ன எழவுன்னு நீயே வந்து படி" என்று கத்துவார். நான் அவர் கட்சி.

வகுப்பு டீச்சர் அறிவியல் பரீட்சைத் தாளை எடுத்துக் காட்டினார். செடியின் பாகங்கள். எல்லா விடையும் சரி. மதிப்பெண் மட்டும் பாதி.

"விடை சரிதானே மிஸ்?"

"சரிதான். ஆனா பிரிச்சுப் பிரிச்சு எழுதியிருக்கா பாருங்க, யூகேஜி பிள்ளை மாதிரி. வலது கைக்கு மாத்துங்கன்னு உங்க வீட்டுக்காரர்ட்ட போன மாசமே சொல்லிட்டேனே. பழக்குறேன்னாரே."

எனக்கு அது புதுச் செய்தி. காட்டிக்கொள்ளாமல் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"தமிழ்ல எந்த எழுத்தையும் சேத்து எழுதுறதில்லையே மேடம்? தமிழ் மிஸ் இவளுக்கு முழு மார்க் போடுறாங்க. அங்க மட்டும் அழுக்கா இல்லையா?"

"தமிழ் வேற, இங்கிலீஷ் வேற. கையெழுத்துங்கறது ஒழுக்கம்மா" என்றவர், நான் நகராமல் நிற்பதைப் பார்த்து எரிச்சலில் உண்மையைச் சொல்லிவிட்டார். "ஆண்டு விழாவுல நோட்டையெல்லாம் மேசையில பரப்பி வைக்கிறோம். அதப் பாத்துதான் பேரன்ட்ஸ் பிள்ளைகளச் சேக்குறாங்க. உங்க ஒரு பிள்ளைக்காக மாத்த முடியுமா?"

கடை வாசலில் தொங்கவிடுகிற சாம்பிள் பாக்கெட் மாதிரி ஒரு நோட்டுக்காகத்தான் என் பிள்ளை விளையாடாமல் உட்கார்ந்திருந்தாளா என்று எனக்குக் கொதித்தது.

என் கணவர் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். கொடி மாதிரி வளைந்து ஓடும். உறவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பத்திரிகைக் கவரில் பெயர் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்று மாலை நான் வீடு திரும்பியபோது அவர் பாயில் மகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் வலது கையில் பென்சிலைப் பிடித்துக் கோணல்மாணலாக இழுத்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காரச் சொன்னவர் அவர்தான்.

"கைய எடு ஆத்தா" என்றேன்.

பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தது.

"எடுக்காத. இப்பத்தான் வருது" என்றார். பிறகு என்னிடம், "நீ உன் சோலியப் பாரு. எழுத்து நல்லா இருந்தாத்தான் நாலு பேரு மதிப்பான்."

"உங்கள எத்தன பேரு மதிச்சான்? கவர் எழுதக் கூப்புடுவான். எழுதி முடிச்சதும் ஒரு காப்பியக் குடுத்து அனுப்பிருவான். அம்புட்டுத்தான?"

அவர் முகம் சிறுத்துப் போனது. வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பிள்ளையின் கையை உருவி எடுத்தேன். சிவந்து, பாயின் கோரை வரிவரியாகப் பதிந்திருந்தது. விரல் மரத்துப்போய் அவளால் மடக்க முடியவில்லை. தேய்த்துவிட்டேன்.

மறுபடியும் பள்ளிக்குப் போனேன். "மார்க்கக் குறைச்சுக்கங்க. விளையாட்டு பீரியட எடுத்தீங்கன்னா கல்வி ஆபீசுல போய் உக்காந்துருவேன்" என்றேன். தலைமையாசிரியை கையைக் காட்டி என்னை வெளியே போகச் சொன்னார். ஆனால் அந்த வாரமே பிள்ளையை மைதானத்துக்கு விட்டார்கள். வயிற்று வலி நின்றது. மதிப்பெண்ணை மட்டும் இன்றுவரை பாதியாக்குகிறார்கள். கையால் சேர்த்து எழுதினால் மூளை வளரும் என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதையும் கட்டைவிரலால்தான் தட்டி அனுப்புகிறார்கள்.

ஆண்டு விழாவுக்கு மூவரும் போனோம். என் மகளின் நோட்டு மேசையில் இல்லை. என் கணவர் மற்ற பிள்ளைகளின் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே, "பாத்தியா, எப்படி எழுதியிருக்குன்னு பாத்தியா" என்றார். அந்த மாலையில் அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். எந்தப் பிள்ளை எந்தக் கையின் மேல் உட்கார்ந்து எழுதியதோ என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மகள் ஐஸ் வேண்டும் என்றாள். அவரை அந்த மேசையருகே விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வாங்கப் போனோம்.