சங்கக் கட்டடத்தில் சலேத்மேரி

சலேத்மேரி அக்காவைப் பற்றித் தையல்காரச் சந்தில் இரண்டு பேச்சு உண்டு. நல்ல தொழில்காரி என்பது ஒன்று, வாய்த்துடுக்கு என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் வாய்த்துடுக்கு என்று சொல்கிறவர்கள், அவள் எதற்காக வாயைத் திறந்தாள் என்பதை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிடுவார்கள். அதனால் நான் சொல்கிறேன். என் பெயர் புவனேஸ்வரி. திண்டுக்கல்லில் தையல் கடைகளுக்குச் சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தும் பேண்டின் அடியை மடித்து ஹெம்மிங் செய்தும் பிழைத்தவள். எனக்கும் வாய் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அது அக்காவைப் பார்த்த பிறகு வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தச் சந்து. முனையில் தையல்காரர் சங்கத்துக்குச் சொந்தமான மாடிக் கட்டடம். மேலே கூட்ட அறை, கீழே வரிசையாகக் கடைகள். கடைகள் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும். உறுப்பினர் என்றால் ஆண்பிள்ளை. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அக்காவின் கணவர் சிலுவைமுத்து அங்கே கடை வைத்திருந்தார். தொண்ணூற்றெட்டில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனது. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே அக்கா கடையைத் திறந்து அவருடைய மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். துக்கப்பட்ட வீட்டில் எப்படிக் கேட்பது என்று சங்கத்துக்காரர்கள் கொஞ்ச காலம் பொறுத்தார்கள். பிறகு ஒரு நாள் தலைவர் ஈஸ்வரன் கடை வாசலில் வந்து நின்றார்.

"மெம்பர் இல்லாத ஆளுக்குக் கடை குடுக்க வழியில்லம்மா. வார சித்திரைக்குள்ள காலி பண்ணிக் குடுத்துரு."

"அப்ப என்னைய மெம்பராக்குங்கண்ணே."

அவர் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்த மாதிரிச் சிரிப்பு. அவருடைய மச்சான் அந்தக் கடைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தது சந்து முழுக்கத் தெரியும். பக்கத்தில் நின்ற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடை போனால் அக்காவும் என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து அடுத்தவன் வெட்டிய பேண்டுக்கு அடி மடிக்க வேண்டியதுதான். அளவெடுத்து, வெட்டி, ஒரு முழுச் சட்டையைத் தைத்து ஆணியில் மாட்டத் தெரிந்தவளுக்கு அது சாவுக்குச் சமம். அவளே என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் சந்துக்கே காலம் சரியில்லை. ரெடிமேட் கடைகள் வந்து இளவட்டங்களை வளைத்துப் போட்டுக்கொண்டன. தீபாவளிக்குக்கூட மெஷின்கள் தூங்கின. அப்போதுதான் கொடைக்கானலிலிருந்து ஷைனி வந்தாள்.

அக்கா பிறந்தது கொடைக்கானலில், சலேத் மாதா கோயிலுக்குக் கீழே. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு கைவினைக் கூடத்தில் வெள்ளைக்காரப் பெண்களோடு உட்கார்ந்து துண்டுத்துணிப் போர்வை தைத்துப் பழகியிருக்கிறாள். அவர்கள் அதைக் குயில்ட் என்பார்களாம். சின்னச் சின்னத் துண்டுகளைக் கோலம் போல இணைத்து மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, கீழே இன்னொரு துணி. மூன்றும் நகராமல் பிடித்து நிற்க, முழுப் போர்வைக்கும் கையால் நூலோட்ட வேண்டும். ஷைனி அதே கூடத்தில் இருந்தவள், இப்போது மலையில் சொந்தமாகக் கடை வைத்திருந்தாள். சுற்றுலா வருகிறவர்கள் இந்தப் போர்வையைக் கேட்டு அரிக்கிறார்கள், ஒன்று தைத்துக் காட்டினால் வருடம் முழுக்க வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்துப் போனாள்.

சேதி சந்துக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்? மறுநாளே ஈஸ்வரன் வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சங்கத்துல எல்லாருக்கும் சொல்லிக் குடு தாயி. அம்புட்டுப் பேரும் பொழச்சுக்கிருவோம்."

"தாராளமா. மெம்பராக்குங்க, நாளைக்கே ஆரம்பிக்கிறேன்."

"மொதல்ல சொல்லிக் குடு. கடைசி நாளு பொதுக்குழுவக் கூட்டி நல்ல சேதி சொல்லிருவோம்."

அவர் போனதும் நான் சொன்னேன். "ஏமாத்திருவாங்கக்கா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"ஏமாத்தட்டும்டி. தனியா வந்து ஏமாத்துறதுக்கு, நாலு பேரு பாக்க ஏமாத்தட்டும்."

பங்குனியில் மாடிக் கூட்ட அறையில் பயிற்சி தொடங்கியது. பெண்கள் அந்த மாடிப்படி ஏறுவது வழக்கமில்லை. நான் வெட்டுத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், இறக்கி வைத்தபின் இறங்கிப் போக மறந்துவிட்டேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சங்கத்தார் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் முகமது பாரூக் பாய். கோட்டு தைப்பதில் ஜில்லாவிலேயே அவரை அடிக்க ஆளில்லை, அது அவருக்கும் தெரியும்.

அக்கா அட்டையில் ஒரு சதுரம் வெட்டிக் கொடுத்து, அதைச் சுற்றித் தையலுக்குக் கால் இஞ்ச் மட்டும் விட்டு வெட்டச் சொன்னாள். எல்லோரும் மளமளவென்று வெட்டினார்கள், இணைத்தார்கள். மாலையில் பார்த்தால் ஒருவர் துண்டும் இன்னொருவர் துண்டோடு சேரவில்லை. சேர்ந்த இடமெல்லாம் அடியில் துணி மடிந்து மடிந்து கட்டி கட்டியாக நின்றது. திருப்பிப் பார்த்தாள் அக்கா. ஒவ்வொருவரும் உள்ளே ஒரு இஞ்சுக்குமேல் துணி விட்டிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊர்த் தையல்காரனுக்கு உள்ளே துணி விடுவதுதான் மானம். பேண்டைத் தைத்துக் கொடுத்ததும் வாடிக்கைக்காரர் உள்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார். தையலுக்கு அப்பால் தாராளமாகத் துணி கிடந்தால் யோக்கியன், இல்லாவிட்டால் துணியை அடித்துவிட்டான் என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு போவார். அவர் சதை போட்ட பிறகு பிரித்துவிடவும் அந்தத் துணி வேண்டும்.

அக்கா அந்தக் கட்டித் துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏண்ணே, இந்தப் போர்வை அடுத்த வருசம் குண்டாகப் போகுதா? பிரிச்சு விடப் போறீங்களா?"

அறையே சிரித்தது. பாரூக் பாய் மட்டும் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"மிச்சம் விடாம வெட்டுனா என் கை கூசுதும்மா. என்னமோ திருடுறாப்புல இருக்கு."

"கூசட்டும் பாய். ரெண்டு நாள்ல பழகிரும். புருசன் போன பெறகு இந்தச் சந்துல நடக்க எனக்குக் கூசாத நாளா? பழகிருச்சுல்ல."

பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்து முதலிலிருந்து வெட்டத் தொடங்கினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

இரண்டு மூன்று நாளில் மேல்துணி பிரமாதமாக வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, கைப்பழக்கம் உள்ளவர்கள், ஒரு தடவை பிடிபட்டதும் மூலைக்கு மூலை இம்மி பிசகாமல் சேர்த்தார்கள். அடுத்த தகராறு நூலோட்டுவதில் வந்தது. கையால் தைப்பது ஆம்பிளை வேலை இல்லை என்றார்கள். அதற்கென்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இருக்கிறார்களே, காஜாவும் ஹெம்மிங்கும் அவர்களுக்குத்தானே அனுப்புகிறோம் என்றார்கள். மெஷினிலேயே அடித்துக் காட்டுகிறேன் என்று ஈஸ்வரன் கிளம்பினார். அடித்தார். பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கி, மேல்துணி சுருங்கி, அடித்துணி கோணிக்கொண்டு போனது.

"சரிண்ணே, அந்தப் பொம்பளைங்களையே வரச் சொல்லுவோம்" என்றாள் அக்கா.

"இங்கயா? மாடிக்கா? பொம்பளையாளு மேல ஏறுற பழக்கம் இல்லம்மா."

"அப்ப நான் யாரு?"

"நீ வாத்தியாரம்மா. அது வேற."

"அப்ப நீங்களே கையில ஊசியப் பிடிங்க."

ஊசிக்குப் பயந்து அவர்கள் வழிவிட்டார்கள், மறுநாள் காலையில் நாங்கள் ஏறினோம். பேகம்பூரிலிருந்து நஜ்முன்னிசா, மரியநாதபுரத்திலிருந்து ஆரோக்கியம்மாள், நாகல் நகரிலிருந்து சண்முகவள்ளி, இன்னும் பலர். ஒரே சந்துக்கு வருடக்கணக்காகத் தைத்துக் கொடுத்தவர்கள்தான், ஆனால் ஒருத்தியை ஒருத்தி பார்த்ததில்லை. கடையிலிருந்து யாராவது சைக்கிளில் துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள், முடிந்ததும் எடுத்துப் போவார்கள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் இப்படிக் கண் எரியத் தைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த மாடியில் போர்வையை நடுவில் விரித்துச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் நாங்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரிந்தது. எங்களை ஒரே இடத்தில் உட்கார விட்டதுதான் சங்கம் செய்த பெரிய தப்பு.

எங்களுக்கு நடுவில் ஆண்களையும் உட்கார வைத்து ஊசி பிடிக்கச் சொன்னாள் அக்கா. பாரூக் பாய் விரலைக் குத்திக் குத்தி வாயில் வைத்துக்கொண்டார். மத்தியானம் ஆண்கள் பிரியாணிக் கடைக்கு இறங்கிப் போனார்கள். நாங்கள் கொண்டுவந்த சோற்றையும் வெஞ்சனத்தையும் பங்கு போட்டுத் தின்றுவிட்டு, வாயையும் ஊசியையும் நிறுத்தாமல் வேலை பார்த்தோம். அவ்வளவு பேசி நான் எந்த நாளிலும் தைத்ததில்லை.

கடைசி நாள் போர்வையைச் சுவரில் தொங்கவிட்டார்கள். ஷைனி வந்து பார்த்து ஆச்சரியத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். வருடம் முழுக்க ஆர்டர் உறுதி என்று சபையிலேயே சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஈஸ்வரன் மைக்கைப் பிடித்தார். பெண்குலத்தின் பெருமை, பொறுமையின் சிகரம், சகோதரியின் சேவை என்று பேசிக்கொண்டே போனார். பிறகு தட்டிலிருந்து ஒரு சரிகைப் பொன்னாடையை எடுத்து விரித்து அக்காவின் தோளில் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள்.

"உறுப்பினர் விசயத்த அடுத்தடுத்த கூட்டங்கள்ல நிதானமா பேசிக்கலாம். சகோதரியும் சித்திரைக்குள்ள கடையக் குடுத்துட்டா எல்லாருக்கும் மரியாதையா இருக்கும்."

அக்கா பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தாள். மேஜையில் பரப்பி, சுருக்கம் போக இரண்டு கையாலும் நீவிவிட்டாள். பெரிய கத்தரியை எடுத்து நடுவில் ஒரே வெட்டு. சரிகை கிழிகிற சத்தம் மைக்கில் கேட்டது. மறுபடி மடித்து இன்னொரு வெட்டு. சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கினாள். ஈஸ்வரனின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா இது? மரியாதைக்குப் போட்டத..."

"இம்புட்டு வருசத்துல இந்தச் சங்கத்துல எந்த மெம்பருக்காச்சும் பொன்னாடை போட்டிருக்கீங்களா? விருந்தாளிக்குத்தானண்ணே போடுவீங்க. போட்டு, போட்டோ எடுத்து, பஸ் ஏத்தி விட்டுருவீங்க. நான் விருந்தாளி இல்ல. கீழ எனக்குக் கடை இருக்கு."

"அது சங்கத்துக் கடைம்மா."

"காலி பண்ண மாட்டேன். திண்டுக்கல்லுல பூட்டுக்கா பஞ்சம்? நல்ல பூட்டாப் பாத்து வாங்கிட்டு வந்து போடுங்க. நான் உள்ள உக்காந்து தச்சுக்கிட்டு இருப்பேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"அக்கா கடையில பூட்டு விழுந்துச்சுன்னா, நாளையில இருந்து இந்தச் சந்துக்கு ஒரு காஜா எடுக்க மாட்டோம். ஒரு பேண்டுக்கு அடி மடிக்க மாட்டோம். நீங்களே தச்சுக்கங்க."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். அதற்குள் நஜ்முன்னிசா எழுந்துவிட்டாள். ஆரோக்கியம்மாள், சண்முகவள்ளி, சுவரோரம் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

"பாய், உங்க கோட்டுக்கும் சேத்துத்தான் சொல்றோம்" என்றாள் நஜ்முன்னிசா.

வைகாசி முகூர்த்தத்துக்குத் தைத்த பேண்டெல்லாம் அடி மடிக்காமல் கீழே கடைகளில் குவிந்து கிடந்தன. பாரூக் பாய் தன் குத்துப்பட்ட விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஈஸ்வரன், என்னால ஆகாதுப்பா. வேலை தெரிஞ்ச ஆளு, மெம்பராக்குறதுல நமக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

ஈஸ்வரன் மைக்கைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். "சகோதரியோட கோரிக்கை பரிசீலனைக்கு..."

"பரிசீலனை வேணாம்ணே. கையத் தூக்கச் சொல்லுங்க. இப்பவே பாத்துருவோம்" என்றாள் அக்கா.

முதலில் பாரூக் பாயின் கை எழுந்தது. அடுத்து ஒன்று, பின்வரிசையில் இரண்டு, பிறகு சடசடவென்று எல்லாக் கைகளும். மச்சான்காரன் கதவோரம் நழுவினான். கடைசியாக ஈஸ்வரன், தலையைச் சொறிகிறவர் போலத் தன் கையையும் உயர்த்தினார். எங்களில் ஒருத்தி குலவை போடப் போனாள், அக்கா கையமர்த்தினாள். ஆண்கள் பெருமூச்சு விட்டுக் கையை இறக்கப் போனார்கள்.

"செத்த நேரம் கைய எறக்காதீங்கண்ணே. இன்னும் முடியல. மெம்பராக்க இவங்க பேரெல்லாம் சொல்லணும்ல."

அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். முதலில் சொன்னது என் பெயரை.