கால் அங்குலம் நீண்ட குழாய்

குழாய்க்கு எந்த இடத்தில் நோகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் உத்தியோகம், முள்ளியவளைப் பக்கத்துத் தண்ணீர்த் திட்டக் கந்தோரில். கணக்கோடும் கைக்குழந்தையோடும் ஒன்றாய் மாரடிக்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

டொக், டொக்

எங்கள் குவாட்டர்சுக்குக் குழாய் இழுத்த கிழமையிலிருந்து, பொழுதுபட்டால் சுவருக்குள் "டொக், டொக்" என்று ஒரு சத்தம். இவருக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். நானும் ஆறு மாதப் பிள்ளையும் தனிய. போதாக்குறைக்குக் கதவின் தாழ்ப்பாளும் துவாரத்துக்குள் போகவில்லை. கதவோடு அலுமாரியை இழுத்து வைத்துவிட்டுச் செபமாலையும் கையுமாகக் கிடந்தேன். விடிய வந்த பக்கத்து வீட்டு இராசம்மாக்கா அலுமாரியைப் பார்த்தா. "பேயெண்டால் அலுமாரி போதாது தங்கச்சி, கள்ளனெண்டால் அதுக்குள்ள ஒண்டுமில்லை."

பச்சைத் தண்ணிக்கு என்ன சூடு?

மூன்று நாள் கவனித்தேன். பொழுதுபடப் பம்பு ஓடத் தொடங்கினால்தான் சத்தம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன். நூறடி இரும்புக் குழாய், பகல் முழுக்க வெறுமையாய் வெயிலில் கிடக்கிறது. ஒரு முனை தண்ணீர்த் தொட்டியடியில், மறு முனை என் கதவுநிலையை ஒட்டிச் சுவருக்குள். இரண்டையும் சீமெந்தால் இறுக்கியிருக்கிறார்கள். வெயிலில் நீள்கிறது, குளிர்ந்த தண்ணீர் வந்ததும் டொக் டொக்கென்று சுருங்குகிறது. இருபது பாகை வித்தியாசம் என்றால் கால் அங்குலத்துக்கு மேல்! அந்தக் கால் அங்குலம் தள்ளியது என் கதவுநிலையை. மூன்று தரம் போட்டும் அதே விடை. விடிந்ததும் ஓவசியரிடம் ஓடினேன். அவர் எங்கள் குவாட்டர்சுக் குழாயின் பழைய கணக்குத் தாளை எடுத்து, மெதுவாய் என் பக்கம் திருப்பினார். "பச்சைத் தண்ணிக் குழாய்க்குச் சூட்டுக் கணக்குத் தேவையில்லையெண்டு எழுதினது ஆர் பிள்ளை? கையெழுத்து நல்ல வடிவு."

வளைவு

ஆனாலும் அன்றைக்கே மேசனை அனுப்பினார். கதவடியில் சீமெந்தை உடைத்து, குழாய் அசைய இடம் விட்டு, அது நீளுவதைத் தாங்க நடுவழியில் ஒரு வளைவும் வைத்து, கதவுநிலையை நிமிர்த்தினோம். "நேர போற தண்ணியை ஏன் சுத்த விடுறியள்?" என்று மேசன் முணுமுணுத்தபடியே போனார். பொழுதுபட்டது. இராசம்மாக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். பம்பு ஓடியது. அவா முற்றத்தில் நிற்க, நான் உள்ளே குழாயில் காதை வைத்தேன். தண்ணீர் போகிற இரைச்சல் மட்டுந்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். போய் இறுகியது. வெளியிலிருந்து குரல் கேட்டது: "துணைக்கு வாவெண்டு கூப்பிட்டிட்டு, என்னையே வெளியில விட்டுப் பூட்டிறியே?"

இத்தனை கணக்குப் பார்த்திருக்கிறேன், கையால் தள்ளிச் சரிபிழை பார்த்தது உள்ளேயிருந்து போட்ட இந்தத் தாழ்ப்பாள் ஒன்றைத்தான்.