கிழ ஈக்களின் முட்டைகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு ஈயம்மா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. சோளமாவையும் வெல்லத்தையும் ஈஸ்டையும் பெரிய பாத்திரத்தில் கிண்டி, சூடு அடங்கியதும் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, பஞ்சால் வாய் அடைப்பது அவள் வேலை. சாப்பிடுகிறவர்கள் பழ ஈக்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன், "என் பொண்டாட்டி சமையலுக்கு லட்சம் பேர் அடிமை. ஒருத்தர்கூட உப்பு பத்தலைன்னு சொன்னதில்ல" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஈக்கள் இருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழை கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே வெதுவெதுப்பு. ஒரு குப்பியைக் கையில் எடுத்தால் முட்டை, புழு, கூடு, சிறகு எல்லாம் ஒருசேரத் தெரியும். புளித்த மாவின் மணத்தில் அவளுக்குக் கண் சொக்கும். நேற்று எது, போன வருடம் எது என்பது சில சமயம் பிடிபடாது.

இடப்பக்க அலமாரியில் சாதாரண ஈக்கள். வலப்பக்கத்தில் இருந்தவற்றுக்கு மட்டும் தனிச் சட்டம். இளம் ஈக்கள் இடும் முட்டைகளைக் கொட்டிவிட வேண்டும். சிறகோரம் கிழிந்து தடுமாறி நடக்கும் கிழ ஈக்களின் முட்டைகளிலிருந்துதான் அடுத்த தலைமுறை. ஏன் என்று அவள் கேட்டதில்லை.

அவளுக்குக் கல்யாணமே தாமதம். அதன்பிறகும் வருடங்கள் ஓடின. விசேஷம் உண்டா என்று கேட்பதையே உறவுக்காரர்கள் விட்டுவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் மாவு வாசனை குமட்டியது. தீட்டும் தள்ளிப்போயிருந்தது. நிற்கிற வயதுதானே என்று இருந்துவிட்டாள். கடைசியில் டாக்டரம்மா ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பினாள். அதில் பயறளவு ஏதோ துடித்தது. நுனியில் வால்போல ஒன்று. எல்லாக் குழந்தைக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான், பிறகு மறைந்துவிடும் என்றாள் டாக்டரம்மா.

கணவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளையோ வெட்கம் பிடுங்கித் தின்றது. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இது தேவையா என்று நாத்தனார் சொன்னது காதுக்கு வந்து சேர்ந்தது. அதைவிட ஒரு பயம் உள்ளே அரித்தது. இந்தப் பிள்ளை ஆளாகும்வரை தான் இருப்போமா?

ஒரு மதியம் வலப்பக்க அலமாரியருகே நின்றிருந்த பேராசிரியையிடம் முதல்முறையாகக் கேட்டாள். "எதுக்கு மேடம் கிழட்டு ஈயோட முட்டையை மட்டும் எடுக்கிறோம்?"

பேராசிரியை பொறுமையாகச் சொன்னாள். இளமையிலேயே முட்டையிட்ட ஈ சீக்கிரம் செத்தாலும் அதன் வம்சம் நிற்காது. இந்த அலமாரியிலோ, தள்ளாத வயதுவரை தாக்குப்பிடிக்கிற ஈக்குத்தான் வாரிசு. அந்தத் தெம்பு பிள்ளைகளுக்கும் போகும். தலைமுறை தலைமுறையாக இப்படிப் பொறுக்கியதில், இவை இப்போது இடப்பக்கத்து ஈக்களைவிட வெகுநாள் வாழ்கின்றன.

"அப்போ ஒவ்வொரு ஈயும் கொஞ்சம் கொஞ்சமா ஆயுசைக் கூட்டிக்கிச்சா?"

"இல்ல. எந்த ஈயும் தன்னை மாத்திக்கல. யாரோட பிள்ளைங்க மிஞ்சுறாங்கங்கறதுதான் மாறுச்சு. அதுல கூட்டமே வேறயாயிடுச்சு."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. "எனக்கு?"

பேராசிரியை பூசி மெழுகவில்லை. "இதனால உங்க ஆயுசு கூடாதும்மா. அதுக்கு ஒருத்தர் போதாது, ஒரு ஆயுளும் போதாது."

ஏனோ அந்தப் பதில் அவளைச் சுடவில்லை. அன்று வேலை முடிந்தும் அந்த வெதுவெதுப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் செருகியது. அலமாரி சுவரைத் தாண்டி நீண்டுகொண்டே போனது. தூரத்துக் குப்பிகளில் ஈ இல்லை. செதிலுள்ளவை, ரோமமுள்ளவை, பாதி நீரிலும் பாதி நிலத்திலுமாக ஊர்பவை. எதற்கும் தான் என்னவாக மாறப்போகிறோம் என்று தெரியவில்லை. பெற்றுப்போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. அவளுக்குள் வாலோடு நீந்திய ஒன்று மெல்ல வாலை உதறியது. விழித்தபோது பயம் போய்விடவில்லை. ஆனால் அது அவள் ஒருத்தியுடையதாக மட்டும் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்று திண்டாடியபோது, பெட்டியோடு வந்து இறங்கியது நாத்தனார்தான். மடியில் வாங்கியவள் திருப்பித் தரவேயில்லை. பால் கொடுக்கக்கூடப் பெற்ற தாய் கெஞ்ச வேண்டியிருந்தது.

விடுப்பு முடிவதற்கு முந்தின நாள், குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும்போது பங்கு பிரித்தார்கள். நெற்றி அப்பாவுடையது. மூக்கு, சந்தேகமேயில்லாமல், அத்தையுடையது. வலது காதுக்கு மேலே ஊசி குத்தியதுபோல ஒரு சின்னக் குழி இருந்தது. நாத்தனார் தன் காதைத் தடவினாள், தம்பியின் காதைத் திருப்பிப் பார்த்தாள், அவளையும் விடவில்லை. யாருக்கும் இல்லை.

"இது யாரு கொடுத்ததுன்னே தெரியலையே."

"யாரும் கொடுக்கல அண்ணி" என்றாள் அவள், ஈரத் துண்டை உதறியபடி. "இவளா கொண்டுவந்தது."

குழந்தை கொட்டாவி விட்டது.