என் மகள் தீயில் குதிக்க வேண்டிய நாள்

நான் பயந்த சுபாவம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குக்கர் விசிலடித்தால் வாசலுக்கு ஓடிவருகிற ஒரே பொம்பளை நான்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். தீபாவளியன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பேன். பட்டாசு ஆலையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவளுக்கு வெடிச்சத்தம் என்றால் பயமா என்று கேட்பார்கள். வேலை பார்த்ததால்தான் பயம் என்றால் யாருக்கும் விளங்குவதில்லை.

அப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் டீச்சர் நாடகத்துக்குப் பொறுப்பாக்கினார். டீச்சர் என்று நான் சொல்வது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவரை. பிள்ளைகளை விட்டுவிட்டு இப்போது பெரியவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறார். நாட்டு வரலாற்றில் பெண்கள் செய்ததெல்லாம் புத்தகத்தில் தூங்கினால் போதாது, கோவில்பட்டி ஜனங்களே மேடையேறிச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். தெருவுக்கு ஒரு பெண்ணின் கதை. நடிக்கிறவர்களும் தெருக்காரர்கள், பார்க்கிறவர்களும் ஊர்க்காரர்கள். எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு நான் தலைவி என்பதால், எங்களுக்கு யார் கதை என்று சீட்டெடுக்கப் போனேன்.

முந்தின தெருவுக்கு உப்புக் காய்ச்சி ஜெயிலுக்குப் போன அம்மாள் விழுந்தார். ரயிலடிப் பக்கத்துக்காரர்களுக்குக் கதர் விற்றவர். நான் எடுத்த சீட்டை டீச்சர் பிரித்துச் சத்தமாகப் படித்தார். சிவகங்கைச் சீமை ராணியின் படையில் இருந்த பெண். உடம்பெல்லாம் எண்ணெயை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனின் வெடிமருந்துக் கிடங்குக்குள் குதித்தவள். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் டீச்சர் பக்கத்தில் போனேன்.

“டீச்சர், வேற சீட்டு எடுத்துக்கிடட்டுமா?”

“ஏம்மா, ஒங்க தெருவுக்குக் கெடச்சதுதான் இருக்கதுலயே பெரிய தியாகம். அதப் போயி வேண்டாங்கிய.”

அந்த வேஷத்துக்கு நன்றாக ஓடுகிற பிள்ளை வேண்டும் என்று அவர் கேட்டபோது, பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. என் மகள். காலேஜில் இரண்டாம் வருஷம், ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியவள்.

“ஏட்டி, கைய எறக்கு” என்றேன்.

“யம்மா, சும்மா இரிம்மா. நான் செய்யுதேன் டீச்சர்.”

நான் ஏன் இப்படிப் பதறினேன் என்று சொல்லிவிடுகிறேன். இவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது நான் வேலை பார்த்த ஆலையில் தீப்பிடித்தது. புஸ்வாணத்துக்குள் மருந்து செலுத்துகிற அறை. நானும், புதூர்ப் பக்கத்திலிருந்து ஆலை வேனில் வருகிற ஒருத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்வோம். தூக்குவாளியைத் திறந்தால் ஆளுக்குப் பாதி. அன்றைக்குச் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். நான் ஓடினேன். அவளுடைய சேலை எதிலோ மாட்டியிருக்க வேண்டும். “ஏட்டி” என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அது என் காதில் நன்றாக விழுந்தது. தீயை அமுக்குவதற்கென்று வாசலில் ஈரச் சாக்கு போட்டிருப்பார்கள். அதையும் தாண்டித்தான் ஓடினேன். வேலிக்கருவை மரங்களுக்குள் போய் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அந்த அறை இல்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்றேன். என் வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். உண்மையில் அது ஞாபகம் வராத நாள் கிடையாது.

ஆகவே ஒத்திகை நடந்த மூன்று வாரமும் நான் சோறு தின்றது பேருக்குத்தான். மேடையில் ஒரு தீக்குச்சிகூட உரசக் கூடாது என்று டீச்சரிடம் மூன்று தடவை சத்தியம் வாங்கினேன். சிவப்பு ரிப்பனைச் சேலையில் தைத்து, கீழேயிருந்து மேசைக் காற்றாடி வைத்தால் தீ எரிகிற மாதிரி படபடக்கும் என்றார் அவர். சரி. கிடங்கு என்பது அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பெயின்ட் அடித்தது. அதுவும் சரி. சேலைதான் சண்டையாகிவிட்டது. மகள் மஞ்சள் நைலான் சேலை எடுத்துவைத்திருந்தாள்.

“நூல் சேலை கட்டினா மேடையில மினுக்காதும்மா.”

“மினுக்க வேண்டாம். நைலான் தோலோட ஒட்டிக்கிடும்ட்டி.”

“தீயே இல்லங்கும்போது எப்படிம்மா ஒட்டும்?”

அவள் கேட்டதில் தப்பில்லை. இருந்தாலும் நான் விடவில்லை. நைலான் சேலையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். கடைசியில் நூல் சேலையைத்தான் கட்டினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதற்கிடையில் பட்டாசுக் கடை வைத்திருக்கிற ஒருவர் ஒத்திகை பார்க்க வந்தார். விழாவுக்குப் பந்தல் அவர் உபயம். பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டிக்குள் நாலு புஸ்வாணம் வைத்துக் கொளுத்தினால் தத்ரூபமாக இருக்குமே என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

“அண்ணாச்சி, ஒங்க வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. சேலை கட்டிவிட்டு அங்கன நிப்பாட்டுவோம். பெறகு நீங்களே கொளுத்துங்க.”

மனுஷன் முகம் சுருங்கிப் போய்விட்டார். பெரிய மனுஷரிடம் இப்படியா பேசுவது என்று டீச்சர் என்னைக் கோபித்துக்கொண்டார். அன்றையிலிருந்து எனக்குப் புதிய பயம் ஒன்று சேர்ந்துகொண்டது. எனக்குத் தெரியாமல் யாராவது அந்தப் பெட்டிக்குள் எதையாவது வைத்துவிட்டால் என்ன செய்வது?

விழா நாளன்று மத்தியானமே பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டேன். இரண்டு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் மேடையின் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தேன். மைக் செட்காரர் பார்த்து, “அக்கா, நாடகம் முடிஞ்சதும் கழுவி விடப் போறியளா?” என்று கேட்டார். அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் காலி. திரும்பவும் ஒரு தடவை பார்த்தேன். அப்போதும் காலிதான்.

ஆறு மணிக்கெல்லாம் கூட்டம் நிறைந்துவிட்டது. இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வேலை முடிந்த தீப்பெட்டி ஆலைப் பெண்கள், கடையை அடைத்துவிட்டு வந்தவர்கள், எட்டயபுரம், புதூரிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தவர்கள் என்று தரையெல்லாம் ஆட்கள். சிறப்பு விருந்தினர் மட்டும் வரவில்லை. அவருக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு நாடகத்தை ஆரம்பித்தார்கள்.

உப்புக் காய்ச்சிய அம்மாளுக்கு நல்ல கைதட்டல். அடுத்தது நாங்கள். மகள் எண்ணெய்க் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிற மாதிரி செய்தாள். குடத்தில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், நான்தான் கழுவிக் கொடுத்தேன். ஆனாலும் நனைத்த சாக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மேளம் வேகமானது. அவள் தீப்பந்தத்தைக் கையில் எடுத்தாள். அட்டைக் குழாயும் சிவப்புத் தாளும் தவிர அதில் ஒன்றும் கிடையாது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. காற்றாடியில் ரிப்பன்கள் எழும்பின. கிடங்கைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா சிறப்பு விருந்தினரின் கார் வந்து சேர வேண்டும். வாசலில் அவரை வரவேற்க யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாடை ஒன்றுதான். காற்று அந்தக் கந்தக வாடையையும் புகையையும் அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தது. படபடவென்று சத்தம் கேட்டது. ஆரஞ்சு வெளிச்சத்துக்குள் என் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தாள்.

சாக்கை எப்போது எடுத்தேன், மேடைமேல் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. குதிக்கப் போனவளை இடுப்போடு பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, அவள்மேல் விழுந்து கிடந்தேன். என் தொண்டையிலிருந்து என்னென்னவோ சத்தம் வந்தது. சாக்குக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது.

“யம்மா, தீ இல்லம்மா. லைட்டும்மா. வெடி வெளிய போடுதாங்க. யம்மா, விடும்மா.”

அப்போதும் விட முடியவில்லை. விரல் விரியவில்லை. அவள்தான் மெல்லப் பிரித்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஈரச் சேலையோடு எழுந்து என்னைத் தள்ளுகிற மாதிரி ஒதுக்கிவிட்டு, பெட்டிகளுக்குள் போய்க் குதித்தாள். மேளம் நின்றது. அப்புறம் கைதட்டல் வந்தது பாருங்கள், அதைப் போல நான் கேட்டதில்லை. நான் அங்கேயே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். ஜனங்கள் எல்லாவற்றையும் நாடகம் என்றே நினைத்துவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாளியை வைத்த கையோடு இதையும் நான் யோசித்து வைத்திருந்ததாக அவருக்கு எண்ணம். “தடுக்கப் பாத்த தோழி. எனக்கே தோணல பாருங்க. இத அப்படியே வச்சிக்கிடுவோம்” என்றார். மகள் மட்டும் தலையைத் துவட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அப்போதுதான் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் மகள் வயதிருக்கும். பக்கத்தில் வரும் முன்பே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நெற்றி, அந்த நடை, எல்லாம் என் எதிரே உட்கார்ந்து மருந்து செலுத்தியவளுடையது. ஊரில் இரண்டு மூன்று தடவை இவளைத் தூரத்தில் கண்டு அடுத்த சந்துக்குள் திரும்பியிருக்கிறேன். இப்போது திரும்புவதற்குச் சந்து இல்லை.

“அத்த, நான் யாருன்னு தெரியுதா? எங்கம்மா ஒங்க கூடத்தான் வேலை பாத்தாவ.”

அவள் கண்ணெல்லாம் அழுது சிவந்திருந்தது.

“எங்கம்மா கடேசியா எப்படி இருந்தாவன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. ஒங்களுக்கு ஞாபகமில்லன்னு சொல்லிட்டியளாம். இன்னிக்கு ஒங்கள மேடையில பாத்ததும் புரிஞ்சிட்டு அத்த. அவியளையும் இப்படித்தான இழுத்துப் பாத்திருப்பிய?”

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் துண்டைக் கையில் வைத்தபடி நின்றாள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை அவர்கள் ஊரான புதூரில் போட ஒப்புக்கொண்டிருக்கிறார் டீச்சர், தோழி வேஷம் எனக்கு. “எங்க சொந்தக்காரவுக எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்” என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள்.